நட்சத்திரக் குறியில் நின்றவர்கள்

எங்கள் மடத்தில் வயதுக்கு மரியாதை கிடையாது. வந்து சேர்ந்த நேரத்துக்குத்தான் மரியாதை. காலையில் வாசல்படி ஏறியவன் அண்ணன், அதே நாள் மத்தியானம் ஏறியவன் தம்பி. தம்பிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தாலும் தம்பிதான். எங்கள் துறவற சபையைத் தொடங்கிய புனித ஆசீர்வாதப்பர் அப்படி ஒழுங்கு வகுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். அது சரியா என்று அவரிடம் போய்க் கேட்டுவர இத்தனை நூற்றாண்டுகளாக யாருக்கும் வசதிப்படவில்லை. அதனால்தான் என்னைவிட வயதில் பெரியவரான எங்கள் சமையல்காரர் எனக்குத் தம்பி. நாங்கள் இருவரும் ஒரே நாளில்தான் வந்தோம். அவர் வந்த பஸ்ஸுக்கு வழியில் டயர் வெடித்துவிட்டது.

"அந்த டயர் மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா, இன்னைக்கு நீங்க எனக்கு எழுந்து நின்னு வழி விட்டிருக்கணும்ணே," என்பார், சூப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டும்போதெல்லாம்.

"டயருக்கு உங்க குணம் முன்னாடியே தெரிஞ்சிருக்கு தம்பி," என்பேன்.

மடத்துத் தலைவரை நாங்கள் 'அப்பா' என்று அழைக்க வேண்டும். அவர் எங்கள் எல்லோரிலும் இளையவர். அவர் பால் குடித்துக்கொண்டிருந்தபோது நான் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் அப்பா. இவ்வளவு வயதான பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் முகம், மழைநாளில் கொடியில் போட்ட துணி மாதிரி, எப்போதும் காயாமலே இருக்கும்.

என் வேலை வாசலில். வாசலுக்கு ஒரு கிழவனை வைக்க வேண்டும். அவனுக்குச் செய்தி வாங்கத் தெரிய வேண்டும், பதில் சொல்லத் தெரிய வேண்டும், ஊர் சுற்றக் கால் வரக் கூடாது என்பது ஒழுங்கு. மூன்றாவது தகுதியில் நான் சிறப்பாகத் தேறினேன்.

வயிற்றுப்பாட்டுக்கு ஓஸ்தி சுடுகிறோம். பூசையில் நாக்கில் வைப்பார்களே, வட்டமாக, காகிதம் போல மெல்லியதாக, அதுதான். மாவும் தண்ணீரும் தவிர அதில் வேறொன்றும் கிடையாது. மாவைக் கரைத்து, சூடான இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே ஊற்றி அழுத்தினால் அகலமான வெள்ளைத் தகடு வரும். அதை உடனே வெட்டினால் நொறுங்கிவிடும். ஈர அறையில் அடுக்கிவைத்து, அது கொஞ்சம் ஈரம் குடித்துத் துவண்ட பிறகுதான் வட்டம் வட்டமாக வெட்ட வேண்டும். வெட்டியது போக மிஞ்சும் ஓரங்கள் எங்களுக்கு நொறுக்குத் தீனி. காற்றைக் கடித்த மாதிரி இருக்கும், ஆனால் காற்றைவிடக் கொஞ்சம் மொறுமொறுப்பு.

மடத்தில் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும் ஒரே பொருள் களைப்பு. எழுந்திருக்கும்போதே களைத்துத்தான் எழுந்திருப்போம். இரும்புத் தட்டு முன் நின்றால் முதுகு களைக்கும், வெட்டும் யந்திரத்தை மிதித்தால் கால் களைக்கும், படியேறிக் கோவிலுக்குப் போனால் மிச்சமிருப்பது களைக்கும். பகலில் ஏழு முறை அந்தப் படியை ஏற வேண்டும். ஏறினால் நின்றுகொண்டு பாட வேண்டும்.

பாடுவது எப்படி என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. கோவிலில் எதிரும் புதிருமாக இரண்டு வரிசை மர இருக்கைகள். சங்கீதம் என்கிற வேதாகமப் பாட்டின் ஒரு வசனத்தை இந்த வரிசை பாடினால் அடுத்த வசனத்தை அந்த வரிசை பாடும். ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவில் புத்தகத்தில் ஒரு நட்சத்திரக் குறி அச்சிட்டிருக்கும். அங்கே நிறுத்தி, தலை குனிந்து, மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும். மூச்சு வாங்கி முடித்தவர் தலையை நிமிர்த்துவார். கடைசித் தலையும் நிமிர்ந்த பிறகு, பாட்டை முன்னின்று நடத்தும் பாட்டுக்காரர் மறுபாதியை எடுப்பார். அவர் எடுக்காமல் யாரும் வாய் திறக்கக் கூடாது.

நிற்க முடியாதவர்களுக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. இருக்கையை மேலே மடக்கினால் அதன் அடிப்பக்கத்தில் கையகலத்துக்கு ஒரு மரத்துண்டு துருத்திக்கொண்டிருக்கும். அதில் லேசாக இடுப்பைச் சாய்த்துக்கொண்டால், பார்க்கிறவர்களுக்கு நிற்கிற மாதிரி இருக்கும். நமக்கு உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதற்கு இரக்கப் பலகை என்று பெயர். இந்த மடத்தைக் கட்டியவர்களில் ஒரு தச்சருக்காவது முதுகுவலி இருந்திருக்கிறது.

எங்கள் பாட்டுக்காரர் எனக்கு அண்ணன் முறை. ஒரு காலத்தில் அவர் குரலுக்குக் கோவில் கண்ணாடி அதிரும், அதைத் துடைக்கிற வேலை மிச்சம் என்பார்கள். பிறகு நெஞ்சு கட்ட ஆரம்பித்தது. பாதி வசனம் பாடி முடித்தாலே, கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி உள்ளே ஒரு சத்தம் கேட்கும்.

அப்போதிலிருந்துதான் நட்சத்திரக் குறி நீள ஆரம்பித்தது.

ஒரு நாள் சமையல்காரர் மாவு கலக்கும்போது என்னிடம் சொன்னார்: "பாட்டுக்கார அண்ணனுக்கு முடியலண்ணே. நாம தலைய நிமித்திட்டா அவர் எடுத்தாகணும். அதான் நான் மூச்சு வாங்கினதுக்கப்புறமும் குனிஞ்சே நிக்கிறேன். எல்லாரும் அப்படித்தான் நிக்கிறாங்க."

அதே வாரம் பாட்டுக்காரர் வாசல் அறையில் வந்து உட்கார்ந்து, மூச்சு இரைக்கச் சொன்னார்: "பாத்தீங்களா தம்பி, ஒருத்தனுக்கும் முடியல. குனிஞ்ச தல நிமிர மாட்டேங்குது. நான் அவசரப்பட்டு எடுத்தா எவனாவது பொத்துன்னு விழுந்துருவான். அதான் இன்னும் கொஞ்சம் விட்டுப் பிடிக்கிறேன். எனக்கு ஒண்ணுமில்ல, நான் தாங்குவேன்."

அவர்கள் அவருக்காகக் குனிந்தார்கள். அவர்கள் குனிந்திருந்ததால் அவர் காத்திருந்தார். அவர் காத்திருந்ததைப் பார்த்து அவர்கள் இன்னும் குனிந்தார்கள். நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. கொடுக்காத செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வாயில்காப்பவன் வேலை அல்ல.

அந்த இடைவெளி எவ்வளவு நீளம் என்றால், வலது வரிசையிலிருந்து இடது வரிசைக்கு ஒரு சிலந்தி நூல் கட்டி, குடியேறி, காலி செய்தும் போனது. ஒருமுறை விருந்தாளியாக வந்த ஒருவர் நட்சத்திரக் குறியில் மெல்ல வெளியே போய், டவுனில் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, மறுபாதிக்குச் சரியாகத் திரும்பி வந்தார். பல் இல்லாமல் பாடியதால் உச்சரிப்பு சுமார். மற்றபடி குறை சொல்ல முடியாது.

இப்படி எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் இரக்கப்பட்டு இரக்கப்பட்டே ஓய்ந்துபோயிருந்த சமயத்தில்தான் வாசல் அறையில் தொலைபேசி அடித்தது. சபையின் தலைமையகத்திலிருந்து பேசினார்கள். மடத்தைப் பார்வையிட ஒருவர் வருகிறார் என்றார்கள். செய்தியை வாங்கி அப்பாவிடம் கொடுத்தேன். அவர் முகத்தில் மிச்சமிருந்த ஒரே உலர்ந்த இடமும் நனைந்தது.

எல்லோரையும் கூட்ட அறைக்கு வரச் சொன்னார்.

"வர்றவர் ஒரு முழு நாள் நம்மளோட இருப்பாரு," என்றார் அப்பா. "காலைல இருந்து படுக்கப் போறவரைக்கும் எல்லாச் செபத்தையும் நாம ஒழுங்கா பாடுறோமான்னு பாப்பாரு. பாட முடியலன்னா, இந்த மடத்த மூடிரலாம்னு எழுதிருவாரு."

"மூடினா நாங்க எங்க போறது?" என்றார் சமையல்காரர்.

"ஆளுக்கொரு முதியோர் இல்லத்துல இடம் பாத்திருக்காங்களாம். நல்ல வசதியாம். ரூமுக்கு ரூம் டிவியாம்."

எங்கள் வாக்குகளில் ஒன்று, சேர்ந்த இடத்திலேயே சாகும்வரை இருப்பது. மற்றவர்கள் ஏழ்மை, கற்பு என்று கடினமானவற்றில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, பாட்டுக்காரர் இந்த ஒன்றை மட்டும் அப்படியே பிடித்துக்கொண்டவர். கண்ணாடி போடுவதற்குக்கூட அவர் வெளியே போனதில்லை. கண் டாக்டர்தான் அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நான் வாக்கு குடுத்தது இந்தச் சுவத்துக்குப்பா," என்றார் பாட்டுக்காரர். "டிவிக்கு இல்ல."

"தெரியும்ணே," என்றார் அப்பா. வாய் தவறி அண்ணே என்றுவிட்டார். பிறகு திருத்திக்கொள்ளவும் அவருக்குத் தெம்பில்லை. பாட்டுக்காரர் இருமிக்கொண்டே எழுந்து போன பிறகு, எங்களை மட்டும் நிறுத்தி வைத்துச் சொன்னார்: "அவர் வர்ற அன்னைக்கு மட்டும் தலைய சீக்கிரம் நிமித்துங்க. ஒரே ஒரு நாள். செபம் நேரத்துக்கு முடியணும்."

கீழ்ப்படிதல் எங்கள் இன்னொரு வாக்கு. சரி என்றோம்.

வந்தவருக்கு நாங்கள் வைத்த பெயர் தணிக்கை. வாசலில் நின்றபோது அவர் பெட்டியில் இரண்டு சக்கரத்துக்கு ஒன்றுதான் இருந்தது. கண்ணுக்குக் கீழே தொங்கிய பைகளில் இன்னொரு பெட்டிச் சாமானை வைக்கலாம்.

"வாங்க. பயணம் எப்படி இருந்தது?"

"பயணமா இருந்தது," என்றார்.

பெட்டியை நான் வாங்கித் தூக்கினேன். உள்ளே கலகலவென்று சத்தம். இரும்புக் கடையையே கட்டி எடுத்து வந்த மாதிரி கனம்.

"என்னங்க இது, துணிமணியா?"

"சாவி," என்றார். "நான் மூடின மடங்களோட சாவி. எங்க குடுக்கணும்னு யாரும் இன்னும் சொல்லல. அதான் கூடவே கொண்டு போறேன்." பிறகு கேட்காமலே சொன்னார்: "எல்லா மடத்துலயும் எனக்கு இருக்கறதுலயே நல்ல ரூமாத்தான் தர்றாங்க. தூக்கம் மட்டும் தர மாட்டேங்கறாங்க. கண்ண மூடினா ஏதோ ஒரு கெழவர் ஜன்னல்ல நின்னு என்னையே பாக்கறாரு."

எங்கள் வழக்கப்படி அப்பா வந்து விருந்தாளியின் கையில் தண்ணீர் ஊற்றினார். வெதுவெதுப்பான தண்ணீர். அது விரல் இடுக்கில் ஓடும்போதே தணிக்கையின் இமை இறங்கியது. நல்லவேளை, செம்பு சின்னது.

மறுநாள் காலைப் புகழ், அதாவது விடியற்காலைச் செபம். தணிக்கை கடைசி இருக்கையில் நின்றார். பாட்டுக்காரர் முதல் பாதியைப் பாடி, நட்சத்திரக் குறியில் தலை குனிந்ததுதான் தாமதம், அத்தனை தலைகளும் பொம்மைக் கடையில் சாவி கொடுத்த மாதிரி வெடுக்கென்று நிமிர்ந்தன. அவர் திகைத்துப் போனார். எல்லோருக்கும் உடம்பு தேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷத்தோடு மறுபாதியை எடுத்தார். அடுத்த வசனம். அடுத்தது. ஒரு சங்கீதம் அப்படியே ஓடியது. இரண்டாவதில் குரல் சக்கரம் கழன்ற வண்டி மாதிரி ஒரு பக்கமாக இழுத்தது. மூன்றாவதில் பாதி வசனம் வந்தது, மூச்சு வரவில்லை. இருமல்தான் வந்தது. அவர் எடுக்காமல் நாங்கள் பாட முடியாது. நிமிர்ந்த தலைகளோடு அப்படியே நின்றோம். சமையல்காரர் தண்ணீர் கொண்டுவர ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். மிச்சத்தை அப்பா பாடாமல் வாசித்து முடித்தார். பாடாத செபம் எங்கள் கணக்கில் பாதிதான்.

தணிக்கையைப் பார்த்தால் அவருக்கும் மூச்சு வாங்குகிற மாதிரிதான் இருந்தது.

மத்தியானத்துக்குப் பின் வெட்டும் அறையில் பாட்டுக்காரர் என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, உடைந்த ஓரங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இன்னைக்கு எல்லாருக்கும் என்ன ஆச்சு? தல வெடுக்கு வெடுக்குன்னு நிமிருது?"

"அப்பா சொன்னாருண்ணே."

"ஏன்?"

"நேரத்துக்கு முடிக்கணும்னு."

அவர் கையிலிருந்த ஓரத்தைத் தின்னாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்ப சொன்னா நிமிரும். சொல்லலன்னா நிமிராது. அப்ப இத்தன நாளா அவங்க எதுக்கு குனிஞ்சு நின்னாங்க?"

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது வாயில்காப்பவன் வேலை. "உங்களுக்காகண்ணே," என்றேன்.

"நான் அவங்களுக்காகன்னு இல்ல நெனச்சேன்."

"அதுவும் எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"நீங்க கேக்கல."

"நீயெல்லாம் ஒரு மனுசன்," என்றார். மடத்தில் அண்ணன் தம்பியை நீ என்று சொல்லலாம். ஆனால் அவர் அதுவரை என்னைச் சொன்னதில்லை. பிறகு சிரிக்கப் பார்த்து, இருமினார். "அப்ப இந்த மடம் மூடுதுன்னா என் நெஞ்சாலதான் மூடுது. சுவத்துக்கு வாக்கு குடுத்துட்டு, கடைசில நானே அத இடிக்கிறேன். சாயங்காலம் அப்பாகிட்ட சொல்லிர்றேன். நான் ரூம்லயே கெடக்குறேன். நான் இல்லாம பாடுங்க. வேகமா பாடுங்க."

"யாரு எடுக்கறது?"

"நீ எடு."

"என் கொரலக் கேட்டா அவரு இன்னைக்கே பூட்டு வாங்கப் போயிருவாருண்ணே."

பிற்பகல் செபத்துக்கு மணி அடித்தது. படியில் அவர் எனக்கு முன்னால் ஏறினார். ஒவ்வொரு படியிலும் சுவரைத் தொட்டுத் தொட்டு ஏறினார்.

பாட்டுக்காரர் முதல் பாதியைப் பாடினார். நட்சத்திரக் குறி வந்தது. எல்லோரும் குனிந்தோம். அப்பாவின் கட்டளைப்படி உடனே நிமிர்ந்திருக்க வேண்டும். ஓரக்கண்ணால் பார்த்தேன். எனக்கு எதிரே சமையல்காரர் குனிந்தே நின்றார். மத்தியான பஸ்ஸில் வந்த தம்பி, எத்தனையோ வருடக் கீழ்ப்படிதலுக்குப் பிறகு முதல் முறையாகக் கீழ்ப்படியாமல் நின்றார். அவர் பக்கத்தில் இருந்தவரும் நிமிரவில்லை. அப்புறம் யாருமே நிமிரவில்லை. அப்பா மட்டும் தலையை நிமிர்த்தி எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு அவரும் மறுபடி குனிந்துகொண்டார்.

அன்று பாட்டுக்காரர் அவசரப்படாமல் மூச்சு வாங்கினார். வாளி இறங்குகிற சத்தம் கேட்டது, தண்ணீர் தொடுகிற சத்தம் கேட்டது, இழுக்கிற சத்தம் கேட்டது. எல்லாம் முடிந்து அவர் தலை நிமிர்ந்தது. அதைப் பார்த்து எங்கள் தலைகளும் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

கடைசி இருக்கையில் ஒரு தலை நிமிரவில்லை.

தணிக்கை இரக்கப் பலகையில் சாய்ந்து, தாடை நெஞ்சில் பட, நின்றுகொண்டிருந்தார். விருந்தாளியைக் கிறிஸ்துவாகவே நினைத்து ஏற்க வேண்டும் என்பது எங்கள் ஒழுங்கு. கிறிஸ்து மூச்சு வாங்கி முடிக்காமல் நாங்கள் எப்படி எடுப்பது? காத்திருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் அவரிடமிருந்து கர்ர் என்று ஒரு சத்தம் வந்தது. ஆழ்ந்த செபத்தில் அப்படி ஒரு சத்தம் வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

காத்திருந்தோம். ஈர அறையில் தகடுகள் துவண்டு, தொய்ந்து, மறுபடி மாவாகப் பார்த்தன. அடுப்படியிலிருந்து சூப்பு தீய்கிற வாசனை படியேறி வந்தது. சமையல்காரரின் மூக்கு மட்டும் அசைந்தது. மாலைப் புகழுக்கு மணி அடிக்க வேண்டியவரும் எங்களோடுதான் நின்றார், அதனால் மணி அடிக்கவில்லை. வெயில் மேற்குச் சன்னல் வரை வந்து, மணி அடித்தால் இறங்கலாம் என்று காத்திருந்து பார்த்தது. அதற்கும் கால் கடுத்திருக்க வேண்டும். கடைசியில் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிவிட்டது.

அதற்கு அப்புறம்தான் தணிக்கையின் தலை நிமிர்ந்தது. முகத்தை யாரோ கழுவித் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த பைகள் காலி. பாட்டுக்காரர் அவரைப் பார்த்தார், பிறகு மறுபாதியை எடுத்தார். எல்லோரும் சேர்ந்து பாடி முடித்தோம்.

வெளியே வராந்தாவில் வந்ததும் தணிக்கை கேட்டார்: "நான் தூங்கிட்டேனா?"

யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் பதிலும் சொல்லவில்லை.

"ஏன் என்னை எழுப்பல?"

"நீங்க இன்னும் மூச்சு வாங்கி முடிக்கலையே," என்றார் சமையல்காரர்.

அப்போது பாட்டுக்காரர் முன்னால் வந்தார். "ஐயா, ஒண்ணு சொல்லணும். இந்த இடைவெளி இவ்வளவு நீளமாப் போறதுக்கு நான்தான் காரணம். என் நெஞ்சுதான். இவங்க மேல தப்பில்ல. என்னை மாத்திட்டு வேற ஆள வெச்சா இவங்க நல்லாப் பாடுவாங்க. மடத்த மூட வேணாம்."

"உங்கள மாத்திட்டா நான் எங்க போய்த் தூங்கறது?" என்றார் தணிக்கை.

பிறகு அப்பா பக்கம் திரும்பினார். "எனக்கு ஒரு விதி இருக்கு. ஒரு நாளோட செபம் முழுசையும் கேட்டாத்தான் நான் எழுத முடியும். இன்னைக்கு மாலைப் புகழ் நடக்கல. அதனால இன்னைக்கு ஒரு நாளே இல்ல. நாளைக்கு முதல்ல இருந்து பாக்கணும்."

"பாருங்க," என்றார் அப்பா. வேறு என்ன சொல்வார்? சூப்பு தீய்ந்து போனதால் அன்று ஓரங்களைத் தின்றுவிட்டுப் படுத்தோம்.

மறுநாளும் பிற்பகல் செபத்தில் அவர் தலை நிமிரவில்லை. அதற்கு மறுநாளும். மனுஷர் பல மடத்துத் தூக்கத்தைப் பாக்கி வைத்திருந்தார். தூங்காத நேரத்தில் சும்மா இருக்கக் கூச்சப்பட்டு வெட்டும் அறைக்கு வந்தார். யந்திரத்தை மிதித்தார். கால் இருந்தது அவருக்கு, எங்களுடையது போல இல்லை. சமையல்காரருக்குத் தாளாத சந்தோஷம். "வாங்க தம்பி, இப்படி உக்காருங்க தம்பி, அந்த ஓரத்தை எடுத்துக்கோங்க தம்பி," என்று வாக்கியத்துக்கு ஒரு தம்பி போட்டார். இத்தனை காலத்தில் தமக்குப் பின்னால் பஸ் பிடித்து வந்த ஒருவர் அவருக்குக் கிடைத்திருந்தார்.

பெட்டியிலிருந்த சாவிகளை ஒருநாள் என் அறைக்குக் கொண்டுவந்தார். "இத எங்கயாவது மாட்டி வெக்க முடியுமாண்ணே?" என்றார். அந்த அண்ணே எனக்குப் பிடித்திருந்தது. ஆணியில் மாட்டினேன். முதல் ஆணி வளைந்தது. இன்னும் பெரிய ஆணியாக அடித்தேன். சுவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தது, அவ்வளவுதான்.

பாட்டுக்காரர் மறுபடி பாடிக்கொண்டிருந்தார். இப்போது எல்லோருக்கும் எல்லாம் தெரியும். அவருக்காக நாங்கள் குனிகிறோம் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எங்களுக்கும் தெரியும். ஆனாலும் இடைவெளி ஒரு மூச்சுகூடக் குறையவில்லை. களைப்பும்தான்.

மழைக்காலத்தில் ஒரு பிற்பகல். அவர் முதல் பாதியைப் பாடினார். என்றைக்கும் இல்லாத குரலில் பாடினார் என்று சொல்ல எனக்கு ஆசைதான்; ஆனால் சுமாராகத்தான் பாடினார், ஒரு இடத்தில் சுதி விட்டார். நட்சத்திரக் குறி வந்தது. இரக்கப் பலகையில் சாய்ந்து, ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு, தலை குனிந்தார்.

எங்கள் தலைகள் நிமிர்ந்தன. தணிக்கையின் தலைகூட அன்று நேரத்துக்கு நிமிர்ந்தது. பாட்டுக்காரர் தலை நிமிரவில்லை.

காத்திருந்தோம். காத்திருப்பதில் எங்களுக்கு இருக்கும் பழக்கம் வேறு யாருக்கும் இருக்காது. வாளி இறங்கும் சத்தம் கேட்குமா என்று பார்த்தோம். மழைச் சத்தம்தான் கேட்டது. அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது, சமையல்காரருக்கும் தெரிந்துவிட்டது. அவர் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் யாரும் நகரவில்லை. ஒருவர் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் நாங்கள் எடுத்ததில்லை.

கடைசி இருக்கையிலிருந்து தணிக்கைதான் மறுபாதியை எடுத்தார். யாரும் அவரை எடுக்கச் சொல்லவில்லை. அவர் எடுத்ததும் நாங்கள் சேர்ந்துகொண்டோம். வசனம் முடிந்தது. பாட்டுக்காரர் வாக்குக் கொடுத்த சுவரில் சாய்ந்தபடியே இருந்தார்.

அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில் தலைமையகத்திலிருந்து தொலைபேசி வந்தது. அதற்கு முன்பும் தணிக்கையைக் கேட்டுப் பலமுறை வந்திருக்கிறது. அப்போதெல்லாம் "செபத்துல இருக்காருங்க, பாதி வசனம் முடிஞ்சிருக்கு" என்று சொல்லி வைத்துவிடுவேன். இந்த முறை அவர்கள் விடவில்லை. கையில் மாவோடு இருந்த தணிக்கையைக் கூப்பிட்டுக் கொடுத்தேன்.

"ஆமாங்க," என்றார் தணிக்கை. "முழு நாள் கேட்டுட்டேன். ஆனா எழுத முடியாது. இப்ப நான்தான் பாட்ட எடுக்கறேன். பாடுறவனே அதப் பத்தி எப்படி எழுதறது? வேற ஆள அனுப்புங்க."

அந்தப் பக்கம் நீண்ட பெருமூச்சு எனக்கே கேட்டது. "வேற ஆளா? இங்க யாருக்குத் தெம்பு இருக்கு? எல்லாரும் களைச்சுக் கெடக்கறாங்க. அப்புறம் பாக்கலாம், வெச்சிருங்க."

அப்படியாக மடம் மூடப்படவில்லை. மூட ஆள் கிடைக்கவில்லை.

இப்போது அவர்தான் எங்கள் பாட்டுக்காரர். நன்றாகத் தூங்கி எழுந்த மனுஷர். நெஞ்சு கொல்லன் துருத்தி மாதிரி வேலை செய்கிறது. நட்சத்திரக் குறியில் ஒரு சின்ன மூச்சு வாங்கிவிட்டு, நாங்கள் நிமிர்வதற்காகக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்பார். பாவம், கடைசியாக வந்த தம்பி, அவரை நிற்க வைப்பானேன் என்று, மூச்சு வாங்கி முடிக்காமலே தலையை நிமிர்த்திவிடுகிறோம். மறுபாதி வரும்போது எங்கள் எல்லோருக்கும் வாளி இறங்கும் சத்தம் கேட்கிறது. அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் இன்னும் என்னைக் கேட்கவில்லை.